தண்டவாளத்தில் விழாதது: மானாமதுரை – ராமேஸ்வரம் ரயில் பாதை, ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது கழிவறைக்குள் நுழைந்தால் கால்மாட்டில் கடல் தெரியும். பீங்கான் குழி, அதன் அடியில் கையகல ஓட்டை, ஓட்டைக்குக் கீழே ஒவ்வொன்றாக நகரும் இரும்புக் கட்டைகள், அவற்றின் இடுக்கில் பச்சைத் தண்ணீர். சின்னப் பையனாக இருந்தபோது எனக்கு அதுதான் பெரிய வேடிக்கை. ஜன்னலில் தெரியும் கடல் பெட்டியில் இருக்கிற எல்லோருக்கும் பொது. இது எனக்கு மட்டும் தெரிகிற கடல். அந்த ஓட்டை எதற்காக இருக்கிறது, அதில் விழுவதெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று யோசிக்கிற வயசில்லை.

2016 ஜூலை 24ஆம் தேதி இந்தப் பாதையில் அந்த ஓட்டைக்கு முடிவு வந்தது. மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரைக்குமான 114 கிலோமீட்டரை, மனிதக் கழிவு தண்டவாளத்தில் விழாத நாட்டின் முதல் பசுமை ரயில் பாதை என்று ரயில்வே அறிவித்தது. அப்போது ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு. இந்தப் பாதையில் ஓடிய 10 ரயில்களின் 286 பெட்டிகளிலும் பயோ டாய்லெட் பொருத்தி முடித்திருந்தார்கள்.

பயணிகள் ரயிலை நடத்துகிற ஒரு நிர்வாகம் சுற்றுச்சூழலுக்கும் சுற்றி இருக்கிற ஜனங்களுக்கும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள, வழவழ தாளில் அச்சடித்த அறிக்கையைப் புரட்டுவதைவிட இந்த 114 கிலோமீட்டரைப் பார்ப்பது மேல் என்பது என் கணக்கு. வைகைக் கரையில் தொடங்கி, கருவேலங்காட்டையும் கண்மாய்களையும் கடந்து, இரண்டு கடலுக்கு நடுவே போய் முடிகிற பாதை. செய்தது, செய்ததாகச் சொன்னது, செய்யாமல் விட்டது மூன்றும் இங்கே கண்ணெதிரே இருக்கின்றன.

முதலில், இது கம்பெனியா?

இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டு மேலே போக முடியாது. 1914இல் பாம்பன் பாலத்தைத் திறந்தபோது இங்கே வண்டி ஓட்டியது உண்மையிலேயே ஒரு கம்பெனிதான். தென்னிந்திய ரயில்வே கம்பெனி. சென்னையில் ஏறுகிறவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேரலாம். ஒரே டிக்கெட். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1944இல் அரசு அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 1951இல் தெற்கு ரயில்வே உருவானது.

இன்றைக்கு வண்டி ஓட்டுவது அரசுத் துறை. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135 என்ன சொல்கிறது? நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். துறைக்கு இது பொருந்தாது. ஆனால் டிக்கெட்டும் சாப்பாடும் விற்கிற ஐ.ஆர்.சி.டி.சி.க்கும், புதிய பாம்பன் பாலத்தைக் கட்டிய ஆர்.வி.என்.எல்.லுக்கும் பொருந்தும். இரண்டும் 2019இல் பங்குச் சந்தைக்கு வந்தவை. பட்டியலிட்ட பெரிய கம்பெனிகள் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்ற, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதியும் அவற்றைப் போன்றவற்றுக்குத்தான்.

ஆக, ராமேஸ்வரம் போகிற ஒரு பயணியின் டிக்கெட்டை விற்பது ஒரு கம்பெனி, அவர் கடக்கிற பாலத்தைக் கட்டியது இன்னொரு கம்பெனி, அவர் ஏறுகிற வண்டி அரசுத் துறையுடையது, அந்த வண்டியின் கழிவறையைக் கழுவுகிறவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள். பொறுப்பு என்ற சொல் இந்த நாலு பேருக்கும் நடுவே பந்து மாதிரி உருளும். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் கீழே வருகிற கதை புரியும்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது

பயோ டாய்லெட் என்பது பெட்டிக்கு அடியில் தொங்குகிற ஒரு துருப்பிடிக்காத இரும்புத் தொட்டி. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் குவாலியர் ஆய்வகத்தோடு சேர்ந்து ரயில்வே உருவாக்கியது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களை அதில் விடுவார்கள். கழிவை அவை தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றும். அந்தத் தண்ணீர் குளோரின் பட்டு வெளியேறும். நாட்டில் முதலில் இது முழு வண்டியாக ஓடியது 2011இல், குவாலியர் – வாரணாசி பந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில்.

ஏன் இவ்வளவு அவசரம்? நாற்றம் ஒரு காரணம்தான். கழிவில் இருக்கிற ஈரமும் உப்பும் தண்டவாளத்தின் அடிப்பாகத்தை அரிக்கும், தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற கிளிப்புகளைத் தின்னும். ரயில் பாதுகாப்பைப் பற்றி ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு 2012இலேயே திறந்த கழிவறையை ஒழிக்கச் சொன்னது. அதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. நிலையத்தில் நிற்கிற வண்டியிலிருந்து விழுந்ததை மனிதர்கள் கையால் அள்ளினார்கள். 2013இல் அதைத் தடை செய்யச் சட்டம் வந்தது. 2014 மார்ச் 27ஆம் தேதி, துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் மனிதர்கள் மலம் அள்ளுவதைக் காலக்கெடு வைத்து நிறுத்துமாறு ரயில்வேக்கு உத்தரவிட்டது. பசுமை என்று பெயர் வைத்தாலும், இதன் வேர் அந்த வழக்கில் இருக்கிறது. எனக்கு இந்தப் பெயர்சூட்டல் கொஞ்சம் உறுத்தும். மலம் அள்ளிய கைகளைப் பற்றிப் பேசாமல் மரம், இலை என்று பேசிவிட்டுப் போகிற வசதி அந்தப் பெயரில் இருக்கிறது.

ராமேஸ்வரம் பாதையை முதலில் எடுத்ததில் ஒரு நடைமுறைக் கணக்கும் தெரிகிறது. இது முட்டுச்சந்து மாதிரியான பாதை. கடலோடு முடிகிறது. கடந்து போகிற வண்டி கிடையாது. வருகிற வண்டிகளின் பெட்டிகளை மட்டும் மாற்றினால் போதும், முழுப் பாதையும் சுத்தம் என்று சொல்லிவிடலாம். அடுத்து அறிவித்த குஜராத்தின் ஓகா – கானலஸ் 141 கிலோமீட்டரும், போர்பந்தர் – வான்ஸ்ஜாலியா 34 கிலோமீட்டரும் கூட அப்படிக் கடலில் முடிகிற பாதைகள்தான். ராமேஸ்வரத்துக்கும் ஓகாவுக்கும் நேரடி வாராந்திர வண்டியே உண்டு. இரண்டு பசுமைப் பாதைகளையும் முனைக்கு முனை தொடுகிற வண்டி. ஆனால் அன்றைக்கு நடுவில் இருந்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்தப் பெயர் கிடையாது. அப்புறம் 2019–20க்குள் நாடு முழுக்கப் பயணிகள் பெட்டிகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பயோ டாய்லெட்கள் வந்துவிட்டன. அந்த வகையில் இந்த 114 கிலோமீட்டர் ஒரு நாற்றங்கால். அதில் முளைத்தது எல்லா வயலுக்கும் போனது.

கடலுக்கு என்ன லாபம்? இங்கே அளந்து பேச வேண்டும். பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர் பேச்சில் வடகடல், தென்கடல். தென்கடலில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். வடகடலில் கடல்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டரில் 2022இல் ஒரு பாதுகாப்பகம். இரண்டையும் இணைக்கிற வாசலின் மேல்தான் பாலம் நிற்கிறது. அந்த இடத்தில் கழிவு விழாமல் இருப்பது நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் நாள் முழுக்க ஓடுகிற சில வண்டிகள் போட்டதைவிட, கரையோர ஊர்களின் சாக்கடையும் குப்பையும் இந்தக் கடலுக்குப் பெரிய பாரம். ரயில்வே தன் பங்கை நிறுத்தியது. கடல் சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடைப்பு

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நீண்டதூர வண்டியில் வந்துகொண்டிருந்தேன். பரமக்குடி தாண்டியிருந்தது. கழிவறை வாசலில் இருபது வயசுப் பையன் ஒருவன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் சீருடை. ஒரு கையில் உறை, இன்னொரு கையில் நுனி வளைத்த கம்பி. குழிக்குள் கம்பியை விட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரி துழாவினான். முதலில் நசுங்கிய அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் வந்தது.

"தம்பி, இது தினமும் உண்டா?" என்றேன்.

"தினமுமா? ஒரு தடவை போயிட்டு வர்றதுக்குள்ள பத்து பெட்டியில எடுக்கணும் சார். பாட்டில்னா நல்லது, கம்பியில மாட்டும். துணி, டயப்பர்னா கையை விட்டாத்தான் வரும்."

அவன் சொன்னது ஒரு வண்டியின் கதை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் மத்திய தணிக்கைத் துறை 2017இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையிலும் அதே கதைதான் எண்களோடு இருக்கிறது. 2016–17இல், அதாவது நம் பாதை பசுமை ஆன அதே ஆண்டில், அவர்கள் பார்த்த ஏறக்குறைய 25,000 பயோ டாய்லெட்களில் 2 லட்சத்தை ஒட்டிய குறைபாட்டுப் புகார்கள். அதில் பாதிக்கு மேல் அடைப்பு. பாட்டில், டீ கப், குட்கா பாக்கெட், துணி.

பழைய ஓட்டையில் என்ன போட்டாலும் கீழே விழுந்துவிடும். தொட்டிக்கு வளைந்த குழாய் உண்டு. அந்த வளைவில் எல்லாம் சிக்கும். சிக்கினால் பெட்டி முழுக்க நாறும், அப்புறம் யாராவது கையை விட வேண்டும். தொட்டியில் நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டுமானால் கண்ட அமிலத்தையும் ஊற்றிக் கழுவக் கூடாது. நாற்றத்தைப் போக்க ஊற்றுகிற அந்தப் புட்டியே உள்ளே இருப்பதைக் கொன்றுவிடும். அப்படிச் செத்த தொட்டி வெறும் தொட்டிதான். உள்ளே வந்தது வந்தபடியே வெளியே போகும்.

சட்டம் எதைத் தடுக்க வந்ததோ, அதன் ஒரு துண்டு தண்டவாளத்திலிருந்து ஏறிப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்பு செய்தவர்கள் நிலையத்தில், எல்லோர் கண்ணெதிரே செய்தார்கள். இப்போது மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது. அளவில் ரொம்பக் குறைந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு போல ஒவ்வொரு நடைமேடை ஓரமும் அள்ளுகிற வேலை இல்லை. ஆனால் மீதி இருப்பது யார் கையில் இருக்கிறது என்று ஒரு அறிக்கையிலும் ஒரு வரி வராது.

பாட்டில் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி ரயில்வேயும் தன் வளாகங்களில் தடை போட்டது. தண்ணீர் பாட்டில் மட்டும் தப்பித்துக்கொண்டது. ரயில் குடும்பத்தைச் சேர்ந்த கம்பெனியே ரயில் நீர் என்று பாட்டிலில் தண்ணீர் விற்கிறது. நிலையங்களில் பாட்டில் நொறுக்கும் இயந்திரம் வைப்பதும் ரயில்வேதான். விற்றதில் ஒன்று இயந்திரத்துக்குப் போகாமல் குழிக்குள் போனால், கம்பியோடு வருவது மூன்றாவது ஒரு ஒப்பந்தக்காரரின் ஆள். நடைமேடையில் நல்ல குடிநீர்க் குழாய்கள் போதுமான அளவு இருந்தால் அந்தப் பையனின் வேலையில் ஒரு பங்கு குறையும். இது பெரிய தொழில்நுட்பம் கேட்கிற காரியமில்லை.

வந்தே பாரத் போன்ற புது வண்டிகளில் விமானத்தில் உள்ள மாதிரி வேக்குவம் கழிவறை வருகிறது. சாதாரணக் கழிவறையில் ஒரு தடவைக்கு 10 முதல் 15 லிட்டர் தண்ணீர் போகிறது என்றால் இதில் அரை லிட்டர் என்கிறது ரயில்வே. குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிற ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த வித்தியாசம் சாதாரணமில்லை. ஆனால் மூன்று நாள் ஓடி வருகிற சாதாரணப் பெட்டிக்கு அது எப்போது வரும் என்பதுதான் கேள்வி. கூட்டமும் அங்கே, அடைப்பும் அங்கே.

உப்பு

பாம்பனில் வீடு கட்டியவரைக் கேட்டால் தெரியும். ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள் செயின், ஒன்றையும் உப்புக்காற்று விடாது. உலகத்திலேயே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கிற இடங்களில் அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தது பாம்பன் என்று பொறியாளர்கள் சொல்வது வழக்கம். அந்த இடத்தில் 1914 பிப்ரவரி 24ஆம் தேதி திறந்த பாலம் 108 வருஷம் வண்டியைச் சுமந்தது. 145 கண்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பாலம். ஆட்கள் கையால் சுற்றித்தான் அதைத் திறப்பார்கள்.

1964 டிசம்பர் 22 இரவில் தொடங்கி 23 வரை அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டியை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோனது. பாலத்தின் 126 கர்டர்கள், அதாவது இரும்பு உத்திரங்கள், போயின. தூக்குப் பாலம் சேதமில்லாமல் நின்றது. ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைத் திரும்ப ஓட விட்டார்கள். எல்லாக் கர்டரையும் புதிதாக வார்த்திருந்தால் அது நடந்திருக்காது. கடலடியில் கிடந்ததைத் தேடி, தூக்கி, திரும்ப மாட்டினார்கள். இன்றைக்கு மறுபயன்பாடு என்று வகுப்பெடுக்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் ரயில்வே வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை. 2007 ஆகஸ்டில் அகலப் பாதை ஆனபோதும் அதே பாலத்தைப் பலப்படுத்தித்தான் வண்டி விட்டார்கள்.

அவ்வளவு காலம் அது நின்றதற்குக் காரணம் ஆட்கள். கீமேன் தினமும் தன் பகுதியை நடந்து பார்ப்பார். தோளில் ஸ்பேனரும் சுத்தியலும், கையில் கொடி. தளர்ந்த கிளிப்பைத் தட்டி உள்ளே தள்ளுவார். கடலோரத்தில் கிளிப்புக்கு கிரீஸ் தடவ வேண்டும், தண்டவாளத்துக்கே பெயிண்ட் அடிக்க வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பாலத்தில் நிமிர்ந்து நடக்க முடியாது. சாலைப் பாலத்தில் நின்று போட்டோ எடுக்கிறவர்களுக்கு அந்த ஆள் ஒரு புள்ளி. அடித்த பெயிண்ட் காய்வதற்குள் அடுத்த கண்ணில் துரு தொடங்கிவிடும் என்பது அந்த வேலையில் இருப்பவர்கள் சொல்கிற பேச்சு.

புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6ஆம் தேதி பிரதமர் திறந்தார். 550 கோடி ரூபாய்க்கு மேல். 18.3 மீட்டரில் 99 கண்கள், கப்பல் போக 72.5 மீட்டரில் ஒரு கண். அது 17 மீட்டர் செங்குத்தாக மேலே போகும். துருவைச் சமாளிக்கத் துருப்பிடிக்காத கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்ற பூச்சும் போட்டிருக்கிறார்கள். இணைப்புகள் போல்ட் இல்லாத முழு வெல்டிங். பின்னால் இரட்டைப் பாதை வந்தால் தாங்குகிற அடித்தளம். கடலில் தூண்களை மீண்டும் மீண்டும் குத்தாமல் ஒரே தடவையில் முடித்தது கடலுக்கும் நல்லதுதான்.

ஆனால் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில் பாதுகாப்பு ஆணையர் தன் அறிக்கையில் திட்டமிடும் கட்டத்திலேயே குறைகள் நடந்ததாக எழுதினார். நிபந்தனைகளோடு வண்டி ஓட்ட அனுமதி கொடுத்தார். நான் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. தன் வீட்டு வேலையைத் தன் வீட்டு ஆளைவிட்டுப் பார்க்காமல், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிற ஓர் ஆணையரைவிட்டுப் பார்க்க வைத்து, அவர் எழுதியது வெளியே வந்ததே, அதுதான் பொறுப்பு. 2 சதவீத நிதியில் கட்டுகிற வகுப்பறையைவிட, பாலத்தில் ஏறுகிறவனுக்கு இந்த ஒரு காகிதம் பெரிசு.

மின்சார விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2030க்குள் நிகரப் பூஜ்ய கரிம உமிழ்வு என்பது இந்திய ரயில்வேயின் அறிவித்த இலக்கு. அதன் முதுகெலும்பு மின்மயம். இந்தப் பாதைக்கு அது மற்ற இடங்களைவிடத் தாமதமாகத்தான் வந்தது. இதே மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இலேயே வந்துவிட்டது, பசுமைப் பாதை அறிவித்த அதே ஆண்டு. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் பசுமைப் பாதையில் டீசல் இன்ஜின்தான் புகை விட்டது. மின்கம்பி வந்தாலும் பாம்பன் காற்று சும்மா இருக்காது. பீங்கான் இன்சுலேட்டரில் உப்பு படிந்தால் மின்சாரம் அதன் வழியே கசியும். அதைக் கழுவுகிற வேலை ஓயாது. மறுபடியும் ஆட்கள்தான்.

வண்டி வராத இருபத்தேழு மாதம்

2022 டிசம்பர் 23ஆம் தேதி பழைய பாலத்தில் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். புயல் பாலத்தை உடைத்த அதே டிசம்பர் 23. தற்செயல்தான், ஆனாலும் ஊரில் இதைச் சொல்லாதவர் இல்லை. பாதுகாப்புக்காக நிறுத்தியது சரியான முடிவு. அதன் பிறகு 2025 ஏப்ரல் வரை வண்டிகள் ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ முடிந்தன.

அந்த மாதங்களில் மண்டபம் நிலையத்தில் விடிகாலையில் நின்றிருக்கிறேன். வடக்கிலிருந்து வந்த கூட்டம், பாதிக்கு மேல் வயசானவர்கள். தலையில் மூட்டை, கையில் கங்கைத் தண்ணீர்ச் செம்பு. வெளியே ஆட்டோவும் வேனும். பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போக இன்னும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஒரு பாட்டி வேன்காரரிடம் விரலை விரித்து விரித்துப் பேரம் பேசுகிறார். அவருக்கு இவர் மொழி தெரியாது, இவருக்கு அவர் மொழி தெரியாது. "ஆத்தா, ஏறுங்க, பார்த்துக்கலாம்" என்று கடைசியில் வேன்காரரே மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார். ரயிலில் வந்திருந்தால் டிக்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய தூரம் அது.

தீவில் இருப்பவர்களுக்கு வேறு கஷ்டம். மதுரைக்கு ஆஸ்பத்திரி, கல்லூரி, சரக்கு என்று போகிறவர்களுக்கு பாசஞ்சர் வண்டிதான் கட்டுபடியாகும். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று பெயர் மாற்றி ஓட்டியதால் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10க்கு வந்தது. வேகம் கூடவில்லை, பெட்டி மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. மீன் கூடையோடு ஏறி இரண்டு நிலையம் தாண்டி இறங்குகிற பெண்ணுக்கு அந்த 20 ரூபாய் ஒரு வேளைக் குழம்புச் செலவு.

இங்கேதான் சமூகப் பொறுப்பு என்பதன் உண்மையான கணக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பயணியை ஏற்றிச் செல்ல 100 ரூபாய் ஆகிறது என்றால் சராசரியாக 54 ரூபாய்தான் வாங்குகிறோம், மீதியை நாங்கள் சுமக்கிறோம் என்று ரயில்வே சொல்கிறது. நியாயமான பெருமை. அந்தச் சுமைதான் இந்தக் கரைக்கு ரயில்வே செய்கிற ஆகப் பெரிய சேவை. எந்தக் கம்பெனியின் 2 சதவீதமும் பக்கத்தில் வர முடியாது. அதே ரயில்வேதான் 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியது. ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயதில் 50 சதவீதம் இருந்தது. ராமேஸ்வரம் போகிற வண்டியில் அதன் அடி எங்கே விழுந்தது என்று பார்க்கக் கணக்குப் புத்தகம் வேண்டாம், மண்டபத்தில் மூட்டையோடு நின்றவர்களின் தலைமுடியைப் பார்த்தால் போதும்.

ராமேஸ்வரம் நிலையத்தைப் புதுப்பிக்க 2022 மே 26ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். கோபுரமும் தூணுமாக முகப்பு அழகாகத்தான் வரும். அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு ஈரச் சேலையோடு வருகிற பெண்களுக்கு உடை மாற்ற எத்தனை அறை, வழுக்காத தரை எத்தனை அடி, சக்கர நாற்காலியைத் தள்ள யார் என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

போடாத பாதை

2019 மார்ச்சில் ராமேஸ்வரம் – தனுஷ்கோடி இடையே 17 கிலோமீட்டர் புதிய ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். 208 கோடி ரூபாய்த் திட்டம். 1964இல் போனதைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்றார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் மணல் திட்டு, இரண்டு பக்கமும் கடல், ஆமை முட்டையிடும் கரை, பூநாரைகள் வந்து இறங்கும் சதுப்பு. தமிழ்நாடு அரசு சுற்றுச்சூழலைச் சொல்லி நிலம் தரத் தயங்கியது, கடைசியில் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. 2025 ஜூன் 5ஆம் தேதி தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்தார்கள்.

ரயில் வந்தால் நல்லதுதானே, கார்களும் வேன்களும் குறையுமே என்று ஒரு வாதம் உண்டு. இப்போதே தனுஷ்கோடிச் சாலையில் லீவு நாளில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அந்த வாதத்தை ஒதுக்க முடியாது. எனக்கும் இதில் முழுத் தெளிவில்லை. ஆனால் மண்ணே இடம் மாறிக்கொண்டிருக்கிற இடத்தில் ஜல்லி கொட்டி, அதைக் காக்கக் கல் கொட்டி, கல்லைக் காக்க இன்னும் கல் கொட்டுவதைவிட, ராமேஸ்வரம் நிலையத்திலிருந்து மின்சாரப் பேருந்துகளை விட்டு, தனியார் வண்டிகளை நடராஜபுரத்துப் பக்கமே நிறுத்தச் சொல்வது மலிவு. அதை ரயில்வேயும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்துதான் செய்ய முடியும். சேர்ந்து செய்கிற பழக்கம் இரண்டு பேருக்கும் குறைவு.

ஒரு பலகை

ரயில்வே ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் அறிக்கை வெளியிடுகிறது. அதில் எத்தனை நிலையத்தில் எல்.இ.டி. விளக்கு, எத்தனை கூரையில் சோலார் தகடு என்று இருக்கும். படிக்க நன்றாக இருக்கும். நான் கேட்பது அதைவிடச் சின்னது. ராமேஸ்வரம் நிலையத்தில் வண்டி நேரம் எழுதுகிற பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை. போன மாதம் இங்கே வந்த பெட்டிகளில் எத்தனை கழிவறை அடைத்திருந்தது, அதில் எத்தனை கருவி வைத்து எடுத்தது, எத்தனை கையால் எடுத்தது. தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரை எந்தத் தேதியில் பரிசோதித்தார்கள், என்ன வந்தது. பாலத்தில் தண்டவாளம் பராமரிக்க வேண்டிய டிராக்மேன் எத்தனை பேர், இருப்பது எத்தனை பேர்.

இதற்கெல்லாம் எண்ணிக்கை எங்கோ ஒரு நோட்டில் ஏற்கெனவே இருக்கத்தான் செய்யும். டிப்போவில் எழுதாமல் ஒரு பெட்டியையும் வெளியே விட மாட்டார்கள். அதைச் சாக்பீஸில் எழுதி வைத்தால்கூடப் போதும். பரமக்குடி தாண்டி கம்பியோடு உட்கார்ந்திருந்த அந்தப் பையன் அன்றைக்கு ராமேஸ்வரத்தில் இறங்கியபோது, பத்துப் பெட்டி என்று சொன்னது பன்னிரண்டு ஆகியிருந்தது. அதை அவன் எழுதிக் கொடுக்க ஒரு காகிதமும் அவனிடம் யாரும் கேட்கவில்லை.